கிரிசாந்தாவின் மரப்பிள்ளை

கடல் தாண்டி வந்த சாமியார்கள் நடத்திய சான் ஒலெகாரியோ மிஷனில் மணி அடித்தால் கடலில் போகிற மத்தி மீன்கூட ஒரு கணம் நின்று திரும்பிப் பார்க்கும் என்பார்கள். மீனுக்கே அப்படியென்றால் மனுஷரைப் பற்றிச் சொல்ல வேண்டாம். எழ ஒரு மணி, பூசைக்கு ஒரு மணி, கஞ்சிக்கு ஒரு மணி, வேலைக்கு ஒரு மணி, வேலையை விட ஒரு மணி. மணி அடிக்காமல் தும்மினவனுக்குக்கூட அடி விழுந்ததாக ஒரு கதை உண்டு. அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. தும்மலுக்கு அடி கிடையாது. தும்மிவிட்டுச் சிரித்தவனுக்குத்தான் அடி.

அந்த மணியைத் தொங்கவிடக் கட்டிய கோபுரத்துக்கு ஓடு சுமந்தவள் கிரிசாந்தா. ஒன்பது வயதில் அவளைக் கடற்கரைக் குடிசையிலிருந்து கூட்டிவந்து, தலையில் தண்ணீர் ஊற்றி, அன்றைக்கு எந்தப் புனிதரின் நாளோ அந்தப் பெயரை வைத்தார்கள். அவளுடைய அம்மா வைத்த பெயர் வேறு. செத்தவரின் சொந்தப் பெயரைக் கடற்கரைக்காரர்களான எங்கள் ஜனம் வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவர்கள் திரும்பிப் பார்த்து வழி தவறுவார்கள். கிரிசாந்தா என்பது மிஷன் கொடுத்த பெயர். அதை எத்தனை தடவை சொன்னாலும் யார் தூக்கமும் கெடாது.

கல்யாணமாகாத பெண்களைப் பூட்டிவைக்கும் நீளக் கூடத்தில் எட்டு வருஷம் படுத்தாள். மிஷனில் ஞானஸ்நானம் வாங்காதவை அந்தக் கூடத்துத் தெள்ளுப்பூச்சிகள் மட்டும்தான், அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கின்றன என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். அந்தக் கூடத்தை விட்டு வெளியே வர ஒரே வழி கல்யாணம். தச்சன் ஃபெர்மின் அவளைக் கேட்டான், அவள் சரி என்றாள். ஃபெர்மினுக்குப் பேச்சு குறைவு. பேச வேண்டியதை எல்லாம் மரத்தில் செதுக்கிவிடுவான். கோயிலில் நின்ற புனிதர்களில் பாதிப் பேருக்கு அவன் கை பட்ட மூக்குதான்.

கல்யாணமாகி ஐந்தாம் வருஷம் கிரிசாந்தா முதன்முதலாக உண்டானாள். எங்கள் வழக்கப்படி, வயிற்றில் பிள்ளை அசைந்த அன்றே சிப்பியை உடைத்துத் தேய்க்க ஆரம்பிக்க வேண்டும். பிறப்பதற்குள் அது நகக்கண் அளவு வட்ட வில்லையாகிவிடும். முதல் குளியலன்று அதைக் கழுத்தில் கட்டுவார்கள். அந்த ஆள் எப்போது செத்தாலும், எத்தனை வயதில் செத்தாலும், அந்த வில்லையையும் மற்ற சாமான்களையும் நெருப்பில் போட்டு, சாம்பலை உடம்போடு மண்ணில் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் செத்தவர் போக முடியாமல் குளிரில் நிற்பார். சாமியார் இலாரியோவுக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. நெருப்பு நரகத்துக்கு உரியது, செத்தவர் சாமானை எரிப்பவன் தன்னையே எரித்துக்கொள்கிறான் என்று பிரசங்கத்தில் அழுதுகொண்டே சொல்வார். அவர் நிஜமாகவே அழுவார். நொண்டி ஆடு ஒன்றைத் தன் கையால் வளர்த்தவர், சாயங்காலங்களில் வயலின் வாசித்தவர். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும். அப்படிச் சொல்ல முடியாததுதான் கஷ்டம்.

கோபுரம் திருவிழாவுக்குள் முடிய வேண்டியிருந்தது. ஏழு மாத வயிற்றோடு கிரிசாந்தா ஏணியில் ஓடு ஏற்றினாள். கங்காணி மக்காரியோவிடம் ஒருமுறை, இடுப்பு விட்டுப்போகிறது, இன்றைக்கு மட்டும் கஞ்சி கிண்டுகிற வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டாள். மக்காரியோ எங்கள் ஜனம்தான். வெள்ளிப்பூண் போட்ட பிரம்பு கையில் வந்தபிறகு ஜனம் மறந்துபோய்விட்டது. அவன் மனைவியும் அப்போது நிறைமாதம், ஆனால் அவள் ஓடு சுமக்கவில்லை. வயிற்றில் உள்ளது கனமா, கையில் உள்ளது கனமா என்று கேட்டுவிட்டு, அவனே சிரித்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் அவளுக்குப் பிள்ளை விழுந்தது. ஆண். ஒருமுறைகூட அழவில்லை. மக்காரியோ அதை ஒரு சாக்கில் சுற்றி, ஞானஸ்நானம் இல்லாதவர்களைப் போடும் இடத்தில், கோயில் சுவருக்கு வெளியே பேரி மரத்தடியில் புதைத்தான். சிப்பி வில்லை கிரிசாந்தாவின் முந்தியிலேயே இருந்துவிட்டது.

சாமியார் இலாரியோ அந்தப் பிள்ளையின் ஆன்மாவுக்காக இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தச்சுப்பட்டறைக்கு வந்தார்.

"ஃபெர்மின், கருவாலி மரத்துல ஒரு குழந்தை செய்யணும். நல்ல கனமா இருக்கட்டும்."

"பாலன் இயேசுவா சாமி?"

"இல்லப்பா. உன் பொண்டாட்டி பச்சிலை தின்னு கொன்ன பிள்ளை."

பிள்ளை விழுந்த பெண்ணெல்லாம் பச்சிலை தின்றவள்தான் என்று அவருக்கு மேலிடத்திலிருந்து வந்த புத்தகத்தில் எழுதியிருந்தது. ஏணியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. தண்டனை எழுதியிருந்தது: தலையை மழித்து, மரத்தால் ஒரு குழந்தை செய்து சிவப்புச் சாயம் பூசி, நாற்பது ஞாயிறு கோயில் வாசலில் அதை ஏந்தி நிற்கவைப்பது. மற்ற நாட்களிலும் அதை இடுப்பை விட்டு இறக்கக்கூடாது, மரத்தில் ஒரு கீறலும் விழக்கூடாது.

ஃபெர்மின் மறுத்தால் இருபத்தைந்து கசையடி, அதற்குப் பிறகும் எவனாவது ஒருவன் செதுக்கத்தான் போகிறான். அவன் செதுக்கினான். அவனுக்கு ஒழுங்கில்லாமல் ஒரு வேலையும் செய்யத் தெரியாது. அதுதான் வினையாக முடிந்தது. விரல், நகம், காதுமடல் எல்லாம் வைத்தான். முடிவில் மார்பில் ஒரு துளை குடைந்து, கிரிசாந்தாவின் முந்தியிலிருந்து எடுத்த சிப்பி வில்லையை உள்ளே வைத்து, கடற்கரையில் ஒதுங்கும் தார் போன்ற கீலால் அடைத்து, மேலே சாயம் பூசினான். கொண்டுவந்து கொடுக்கும்போதுதான் அவளிடம் சொன்னான்.

"வெறுங்கட்டைய உன் கையில குடுக்க மனசு வரல."

அவள் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு அந்தப் பொம்மையையே வெகுநேரம் பார்த்தாள்.

"வெறுங்கட்டையா இருந்தா நாற்பது வாரம் கழிச்சுத் தூக்கி எறிஞ்சிருப்பேன். இப்ப இது அவன்ல? அவனோடது இதுக்குள்ள இருக்குல்ல? வெளியில ஒருத்தன் சாக்குக்குள்ள குளிருல கெடக்கான், அவன் வில்லை இங்க சிக்கிக் கெடக்கு. இத எப்படிய்யா மண்ணுல சேர்ப்பேன்?"

அன்றிலிருந்து கிரிசாந்தாவுக்கு உலகத்தில் ஒரே வேலை மிச்சம்: அந்த வில்லை நெருப்பில் போய், சாம்பல் பேரி மரத்தடியில் சேர வேண்டும். அதுவரை பிள்ளை போக மாட்டான்.

நாற்பது ஞாயிறு நின்றாள். ஆரம்ப வாரங்களில் பால் சுரந்து அந்த மரத்தின் முகமெல்லாம் ஒழுகியது, சிவப்புச் சாயம் அவள் ரவிக்கையில் இறங்கியது. பெண்கள் கடந்துபோகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. மக்காரியோவின் மனைவி தன் கைக்குழந்தை ரெஃபுகியாவைத் தூக்கிக்கொண்டு போவாள். கிரிசாந்தாவின் பிள்ளை இருந்திருந்தால் ரெஃபுகியாவோடு சேர்ந்து தவழ்ந்திருக்கும்.

நாற்பது முடிந்ததும் பொம்மையைக் கோயில் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். கிரிசாந்தா போய்ச் சாமியாரின் காலில் விழுந்து, அதைத் தன்னிடம் கொடுத்துவிடும்படி கேட்டாள். முதலில் அவர் மனசு குளிர்ந்து, மகள் மனம் திருந்தினாள் என்று அவள் தலையில் கைவைத்தார். எதற்கு என்று கேட்டார். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. எரித்து மண்ணில் வைக்க என்றாள். இருபத்தைந்து அடி. அடித்தவன் மக்காரியோ, எண்ணியவர் சாமியார். இடையில் ஒரு எண் தவறியதால் முதலிலிருந்து மறுபடி எண்ணினார். அவர் எதிலும் நியாயம் பார்ப்பவர்.

பொம்மை சும்மா இருக்கவில்லை. அடுத்த இருபது வருஷத்தில் இன்னும் நான்கு பெண்கள் அதைச் சுமந்தார்கள். ஒவ்வொருத்தி இடுப்பில் அதைப் பார்க்கும்போதும் கிரிசாந்தா கிட்டே போய்க் கீல் அடைப்பு உதிர்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பாள். உதிரவில்லை. ஃபெர்மினின் வேலை அப்படி. ஃபெர்மின்தான் உதிர்ந்தான். தட்டம்மை வந்த வருஷம், குழி வெட்டினவனைப் புதைக்கக் குழி வெட்டினவனைப் புதைக்க ஆள் தேடினார்கள் என்பார்கள். அந்த வருஷம் அவனும் போனான். அவளுக்கு இன்னொரு பிள்ளை உண்டாகவே இல்லை.

பிறகு, அப்போது எங்களை ஆண்ட மெக்சிகோவிலிருந்து ஒரு காகிதம் வந்தது. மிஷன் முடிந்தது, நிலம் உழுதவருக்கே என்று அதில் இருந்ததாம். சாமியார் இலாரியோ வயலினோடு கப்பல் ஏறினார், நொண்டி ஆடு கரையில் நின்று கத்தியது. நிலத்தை, அதுவரை ஏர் பிடித்தறியாத ஒரு துரை எடுத்துக்கொண்டார். நாங்கள் அதே வயலில் அதே சோளத்துக்கு அதே வேலை செய்தோம். மணி அடிக்க ஆளில்லாமல் போனபிறகும் ஆறு மாதம் எல்லோரும் சரியான நேரத்துக்கு எழுந்தார்கள்.

கோயில் கதவுகளை ஆளாளுக்குப் பெயர்த்துக்கொண்டு போன அந்த நாட்களில், ஒரு மத்தியானம் கிரிசாந்தா உள்ளே போய்ப் பொம்மையை எடுத்து வந்தாள். தடுக்க ஆளில்லை. வீட்டு அடுப்பில் நெருப்பும் இருந்தது. ஆனால் அடுப்பின் முன் உட்கார்ந்ததும் சாமியாரின் அழுகுரல் காதுக்குள் கேட்டது. எரிக்க வேண்டும் என்பது வழக்கம், எரித்தால் நரகம் என்பது பாடம். இரண்டையும் நம்பினவள் அவள். கடைசியில் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தாள்: எரிக்காமல் பேரி மரத்தடியில் அப்படியே புதைத்தாள். அரைகுறையாகச் செய்த காரியம் பன்றிக்குத் தெரிந்துவிடும். மூன்றாம் வாரம் துரையின் பன்றிகள் பேரிப் பழம் தேடிக் கிளறி, அதை மேலே தள்ளிவிட்டன.

கண்டெடுத்தவள் மக்காரியோவின் மகள் ரெஃபுகியா. அப்போது அவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை இல்லாத காலம். மண்ணிலிருந்து கையை நீட்டியபடி ஒரு குழந்தை. மூக்கும் காதும் நகமும் உள்ள குழந்தை. அவள் முழங்கால் போட்டாள். அதே மாதம் அவள் உண்டானாள். பிறகு யார் என்ன சொல்லி நிறுத்த முடியும்? பூமி பெற்ற பாலன் இயேசு என்றார்கள். சிவப்புச் சாயத்தைச் சுரண்டிவிட்டு ரோஜா நிறம் அடித்து, சரிகைச் சட்டை போட்டு, பேரி மரத்தை வெட்டித் தள்ளி அந்த இடத்திலேயே சிறுகோயில் கட்டினார்கள். பிள்ளை வரம் வேண்டுகிறவள் பாலனை நாற்பது நாள் இடுப்பில் சுமக்க வேண்டும் என்று ஒரு நேர்ச்சை வந்தது. அந்த நாற்பது எங்கிருந்து வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கோயில் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டே கடந்தவர்களுக்கு அந்தப் பொம்மையின் முகமும் தெரிந்திருக்கவில்லை. மக்காரியோவுக்குத் தெரியும், அவன் சொல்லவில்லை. சுமந்த மற்ற நால்வரும் செத்துப்போயிருந்தார்கள். முறை வைத்து, சாவியை இடுப்பில் செருகி, எல்லாவற்றையும் நடத்தினவள் ரெஃபுகியா. அப்பனுடைய பிரம்பு அவள் கைக்கு வரவில்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

இருபத்தைந்து வருஷம் கிரிசாந்தா அந்தக் கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பெண்கள் தன் பிள்ளையைக் கொஞ்சுவதைப் பார்த்தாள். நடுவில் நாடு கைமாறி அமெரிக்கர்கள் வந்தார்கள். துரையின் பெயர் மாறியது, கஞ்சி மாறவில்லை. அவள் ஏன் சும்மா இருந்தாள் என்றால், பயம். நெருப்பு பயம். பிறகு அறுபத்தெட்டாம் வயதில் இருமலில் ரத்தம் வர ஆரம்பித்தது. அன்றைக்குக் கணக்கு வேறாகிவிட்டது. எரித்தால் நரகம் தனக்குத்தான், பிள்ளைக்கு இல்லையே என்பது இத்தனை வருஷம் ஏன் தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தான் செத்துவிட்டால் அது பிள்ளை என்று தெரிந்தவர் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். அவன் குளிரிலேயே நிற்பான், மேலே பெண்கள் பாடிக்கொண்டே இருப்பார்கள்.

பூசை முடிந்து பெண்கள் வாசலில் நின்றபோது, பாலனைச் சுமக்கத் தனக்கும் ஒரு முறை வேண்டும் என்று கிரிசாந்தா கேட்டாள். சிரித்த சிரிப்பில் கூரைப் புறா பறந்தது.

"யாரு கெழவி மாப்பிள்ளை?" என்றாள் ரெஃபுகியா. "சொன்னா நாங்களும் வந்து பார்ப்போம்ல."

அடுத்த ஞாயிறும் கேட்டாள். மூன்றாம் ஞாயிறும் கேட்டாள். மூன்று தரம் கேட்டவளுக்கு மறுக்கக்கூடாது என்பது ரெஃபுகியா தானே போட்ட சட்டம். ஒரு துரையின் மருமகளுக்காகப் போட்டது, இப்போது அவள் கழுத்தையே பிடித்தது. பாலனை எடுத்துக் கிழவியின் கையில் வைத்தாள்.

"வயசுக் காலத்துல சுமந்திருந்தா இன்னிக்குப் பேரன் பேத்தி எடுத்திருப்பே. அப்பல்லாம் எங்க போயிருந்தே?"

"சுமந்தேன்," என்றாள் கிரிசாந்தா.

ரெஃபுகியா மற்றவர்களைப் பார்த்து நெற்றிப்பொட்டை விரலால் தட்டிக் காட்டினாள்.

வீட்டுக்குப் போய்க் கிரிசாந்தா நேரம் கடத்தவில்லை. சரிகைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தாள், அது அவனுடையதல்ல. முகத்தை எச்சில் தொட்டுத் துடைத்தாள். அடுப்பில் வைத்தாள். காய்ந்த கருவாலி, நின்று எரியும். காது எரிந்தது, விரல் எரிந்தது, மார்பில் கீல் உருகிக் கொப்பளித்தது. அந்தக் கீல் எரிந்தபோது எழுந்த சுடர் கூரையைத் தாண்டிப் போய்க் கடலில் கப்பல்காரனுக்கு வழி காட்டியது என்று ஒரு பேச்சு உண்டு. அவ்வளவு இல்லை. ஒரு முழம் எழுந்தது. சிப்பி வில்லை வெளுத்துச் சுண்ணாம்பாகி உதிர்ந்தது. சாம்பலை ஒரு பெரிய கிளிஞ்சலில் வாரி, சிறுகோயிலின் பின்சுவர் ஓரத்தில், பழைய பேரி மரத்தின் வேர் இன்னும் முட்டிக்கொண்டிருந்த இடத்தில் முழங்கை ஆழம் தோண்டி வைத்தாள். ஒரு பெயரைச் சொல்லி, இனிமேல் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னாள். என்ன பெயர் என்று கேட்காதீர்கள்.

நரகம் வரும் என்று காத்துப் படுத்தாள். விடிந்தபோது பசிதான் வந்தது.

நாற்பதாம் நாள் பெண்கள் பாட்டோடு வந்தார்கள். கிரிசாந்தா மடித்த சரிகைச் சட்டையை நீட்டினாள்.

"பாலன் எங்க கெழவி?"

"போயிட்டான். ரொம்ப நாளாச்சு போக வேண்டியவன். நான் பெத்ததுடி அது. ஃபெர்மின் செஞ்சான், உங்கப்பன் பொதைச்சான். நீ பொறந்த வருஷம்."

ரெஃபுகியா அடுப்பைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். அவளுக்கு நான்கு பிள்ளைகள். நாலும் அந்தப் பாலன் தந்ததென்று நம்பி வளர்த்தவள். அவள் அறைந்தபோது கிரிசாந்தாவின் கடைசிப் பல் இரண்டும் போயின.

மிஷன் போய் இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. சாமியார் இல்லை, சிப்பாய் இல்லை, கசை இல்லை, புத்தகம் இல்லை. மாதம் ஒருமுறை குதிரையில் வருகிற புதுச் சாமியாருக்கு இதொன்றும் தெரியாது. எங்கள் பெண்களே கூடிப் பேசினார்கள். பாலனைக் கொன்றவளுக்கு என்ன செய்வது என்று ஒருத்தி கேட்டாள். யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை, பதில் எல்லோர் வாயிலும் தயாராக இருந்தது. ரெஃபுகியா தன் அப்பனுடைய ஆட்டுமயிர்க் கத்தரியைக் கொண்டுவந்து கிழவியின் வெள்ளை முடியை மழித்தாள். ஒரு கருவாலிக் கட்டையைக் கையில் கொடுத்து, நாற்பது ஞாயிறு கோயில் வாசலில் ஏந்தி நிற்க வைத்தார்கள். கடந்துபோகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகள் கூழாங்கல் எறிந்தன.

கிரிசாந்தா நின்றாள். மழையில் நின்றாள், இருமிக்கொண்டு நின்றாள். முதல் தடவை நின்றபோது கையில் இருந்தது பிள்ளை. இப்போது இருந்தது கட்டை. அந்த வித்தியாசம் தெரிந்தவள் அங்கே அவள் ஒருத்திதான்.

இரண்டாம் ஞாயிறு அவள் வெறுங்கையோடு வந்தாள்.

"போன வாரக் கட்டை எங்க?" என்று ரெஃபுகியா அதட்டினாள்.

"கஞ்சி காய்ச்சிட்டேன். நல்ல வெறகு."

நாற்பது என்று வாய்விட்டுச் சொன்ன தண்டனையைக் குறைத்தால் ஊருக்கு ஆகாது என்று பெண்களுக்குப் பயம். கட்டை இல்லாமல் நிற்கவைத்தால் அது தண்டனை ஆகாது. அதனால் அன்றைக்கே ஒரு புதுக்கட்டை வந்தது, பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் யாராவது ஒருத்தி கருவாலித் தோப்புக்குப் போய், கனமாகப் பார்த்து ஒரு கட்டை வெட்டிச் சுமந்து வந்தாள். கிரிசாந்தா ஞாயிறு அதை ஏந்தி நின்றாள், திங்கள் அடுப்பில் வைத்தாள். நகரத்திலிருந்து நீலக்கண் வைத்த புதிய சுண்ணாம்புப் பாலன் வந்து சேர்ந்து, பெண்கள் அதைச் சுமக்க மறுபடி முறை வைத்துக்கொண்டபோதும் அவள் தண்டனை முடியவில்லை. அந்தப் பாலன் இன்றைக்கும் இடுப்பு மாறிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் லேசு.

முப்பத்தொன்பது கட்டை எரித்தாள். நாற்பதாவது அடுப்பில் பாதி எரியும்போது செத்தாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் சான் ஒலெகாரியோவில் சூடாக இருந்த வீடு அவளுடையது ஒன்றுதான்.